பரமத்தி வேலூர் போகாத கார்

பெரியப்பாவுக்குப் பிள்ளை கிடையாது, கார் இருந்தது. பெரியம்மா காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. மறுகல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக எழுந்து போய்க் காரைத் துடைக்க ஆரம்பிப்பார். வந்தவர்கள் மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தைய காலம் அது. எங்கள் தோட்டம் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போன கார். எங்கள் வீட்டுக்கு வரும்போதே அதற்கு வயதாகியிருந்தது. ஆனாலும் வசதிக்குக் குறைவில்லை. பின் இருக்கை எங்கள் வீட்டுக் கட்டிலைவிட மெத்தென்றிருக்கும். கதவோரத்தில் பூ வைப்பதற்கென்றே ஒரு கண்ணாடிக் குப்பி உண்டு. துரைசானி அதில் என்ன பூ வைத்தாளோ, என் அம்மா கனகாம்பரம் வைத்தாள். மஞ்சள் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் அந்தக் காரின் ஊதல் கேட்டால் ஓரமாக ஒதுங்கும். யாராவது வாய் தவறி அதை வண்டி என்று சொல்லிவிட்டால் பெரியப்பாவின் முகம் சுண்டிவிடும்.

"மாட்டுக்குப் பொறகால வாரதுதானுங்க வண்டி. இது காருங்க" என்று திருத்திவிட்டுத்தான் மேலே பேசுவார்.

எனக்கு அந்தக் காரில் பிடித்தது அதன் மூக்குத்தான். முன்பக்கம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் வாயின் மூடிமேல், வட்டமான ஒரு கண்ணாடி நிற்கும். அதற்குள் ஒரு மெல்லிய குழாய், டாக்டர் காய்ச்சல் பார்க்க வாயில் வைப்பாரே, அது மாதிரி. இஞ்சின் சூடாகச் சூடாக அந்தக் குழாயில் சிவப்பு ஏறும். முன் இருக்கையில் உட்கார்ந்தபடியே அதைப் பார்க்கலாம். பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும் என்பதால் முன் இருக்கை எனக்கென்று ஆகியிருந்தது. சிவப்பைப் பார்த்துச் சொல்லும் உத்தியோகத்தை நானே எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு ஏழு வயதோ எட்டு வயதோ.

அந்த வருஷம் ஆடிக்கு அத்தை வந்தாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. பரமத்தி வேலூரில், காவிரிக் கரையில், வெற்றிலைக் கொடிக்காலும் வாழையுமாகச் செழிப்பாக இருந்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடியில் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவதும் ஆவணியில் திருப்பி அனுப்புவதும் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்தது, அத்தை போகவில்லை. அந்தப் புழுக்கத்திலும் முழங்கை மூடிய ரவிக்கையோடு இருந்தாள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்கு எண்ணெய் தடவுவாள். ஒருமுறை கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். முதுகில் பட்டை பட்டையாகக் கன்றிக் கறுத்திருந்தது. கேட்டதற்கு, அங்கே கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அம்மா சொன்னாள். காவிரியையே பக்கத்தில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்கு இவள் ஏன் போனாள் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

காவிரி என்றால் எனக்கு அவ்வளவு ஏக்கம். எங்கள் பக்கத்து ஓடையில் மழை பெய்த அன்று தண்ணீர் வரும், மறுநாள் மணல்தான். அத்தையிடம் ஆற்றைப் பற்றித் துளைத்துத் துளைத்துக் கேட்பேன்.

"அக்கரையில நிக்கிற ஆளு எறும்பாட்டந் தெரிவாரு சாமி" என்பாள். "பரிசல்ல ஏறுனீன்னா சுத்திச் சுத்திப் போவும். தலை கிறுகிறுத்துப் போயிரும்."

ஆற்றைப் பற்றி எது கேட்டாலும் சொல்வாள். அந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பேன் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அவளைக் கொண்டுபோய் விடும்போது என்னையும் கூட்டிப்போவதாகப் பேச்சு. ஆகவே அத்தை எப்போது கிளம்புவாள் என்று நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் சொல்ல வேண்டியவர் அப்பாரு. அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சுற்று வட்டாரத்துப் புருஷன் பெண்டாட்டி வழக்கெல்லாம் அவர் முன்னால்தான் வரும். கோபித்துக்கொண்டு தாய் வீடு வந்த எத்தனையோ பெண்களுக்குப் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பியவர். ஊர் அதை மெச்சிக்கொண்டது. இப்போது தன் மகளை மட்டும் எந்த முகத்தோடு வீட்டில் வைத்துக்கொள்வது? மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தபோது, நாலு பேர் நடுவில் அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"நல்ல நாளாப் பாத்து எங்க கார்லயே கொண்டாந்து உடறமுங்க."

அத்தை உள்ளே அடுப்படியில் இருந்தாள். பெரியப்பா வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

குறித்த நாளில் கிளம்பினோம். பின்னால் அத்தையும் அம்மாவும் பலகாரக் கூடைகளும். முன்னால் நானும் பெரியப்பாவும். ராசிபுரம் தாண்டும் வரை ஒன்றுமில்லை. புதுச்சத்திரம் நெருங்கும்போது குழாயில் சிவப்பு ஏறியது.

"பெரீப்பா, செவப்பு உச்சிக்குப் போயிருச்சுங்!" என்று கத்தினேன். எனக்கு உத்தியோகம் கிடைத்த சந்தோஷம்.

புஸ்ஸென்று ஆவி கிளம்பிற்று. சாலையோரப் புளியமரத்தடியில் நிறுத்தினார். அவசரப்பட்டு மூடியில் கை வைத்து விரலைச் சுட்டுக்கொண்டார். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் இறங்கி நின்று நிதானமாகப் பார்த்தார்.

"தண்ணி காஞ்சிருச்சுங்களா? ஒரு சொம்பு குடுத்தீங்கன்னா நானும் கை கால் கழுவிக்குவனுங்க."

பெரியப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஆள் மாட்டை விரட்டிக்கொண்டு ஓடியே போனார். கார் ஆறியதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மேலே போயிருக்கலாம். ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக் கொடுத்த பெண்ணைப் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது வழியில் வண்டி நின்றுவிட்டால் அதற்கு மேல் போகக் கூடாது. அச்சு முறிந்தாலும் மாடு படுத்தாலும் வீடு திரும்பி, வேறு நாள் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். கார் கொதிப்பது அதில் சேருமா என்று அம்மா சந்தேகமாகக் கேட்டாள். நின்றால் நின்றதுதான் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். திரும்பினோம்.

அன்று சாயங்காலம் அத்தை மாவாட்டிக்கொண்டே பாடினாள். வந்த நாளிலிருந்து அவள் பாடி நான் கேட்டதில்லை. காவிரி போகாமல் வந்துவிட்டோமே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, இவளுக்குப் பாட்டு வருகிறதே என்று எரிச்சலாக இருந்தது. பெரியப்பா சுட்ட விரலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டபடி நின்றார்.

காருக்கு என்ன வியாதி என்று ஊரே வைத்தியம் பார்த்தது. கண்பட்டுவிட்டது என்று ஒருவர் பூசணிக்காய் உடைத்தார். பண்ணையத்து ஆள் ஒருவர், உடம்புச் சூடுதான், தண்ணீருக்குப் பதில் மோர் ஊற்றிப் பார்க்கலாமே என்றார். பெரியப்பா அவரை ஒரு வாரம் காருக்குப் பக்கத்திலேயே விடவில்லை. கடைசியில் சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். காக்கி அரைக்கால் சட்டை, காதில் பீடி. பேச்சில் பாதி இஞ்சினைப் பற்றி, மீதி தன்னைப் பற்றி. மத்தியானம் கோழிக்குழம்பு என்று தெரிந்ததும் வேலையை நிதானமாகவே செய்தார்.

ரேடியேட்டரைத் திறந்து விட்டார். செம்மண் குட்டைத் தண்ணீர் மாதிரித் துருப்பிடித்து வந்தது. சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, மறுபடி திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினார். விசிறியைச் சுற்றும் தோல் வார் தொளதொளவென்று இருந்ததைக் காட்டி இழுத்துக் கட்டினார். அப்பாரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டுக்கொண்டு நின்றார். வழக்கு விசாரித்துப் பழகினவர் இல்லையா! கடைசியில் மெக்கானிக், ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் இருந்த சின்னப் பித்தளைக் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார்.

"இது மேல இருந்தா உள்ள நெருப்பு முந்திப் புடிக்கும். கீழ இருந்தா பிந்திப் புடிக்கும். கெளப்பறப்போ கீழ இருக்கோணும், ஓட ஆரம்பிச்சதும் மேல தள்ளிப்போடோணும். கீழயே உட்டுப்போட்டு ஓட்டுனீங்கன்னா, என்னதான் சுத்தம் பண்ணி வெச்சாலும் தண்ணி கொதிச்சுப் போயிருமுங்க."

"கீழயே இருந்தாக் கொதிக்குமுங்கறீங்க?" என்று அப்பாரு கேட்டார்.

"சத்தியமாக் கொதிக்குமுங்க."

பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அவர் இத்தனை நாள் அதை மேலே தள்ளித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது புதிதில்லை. மெக்கானிக்கை உட்கார வைத்து ராசிபுரம் போய் வந்தார்கள். சிவப்பு பாதிக்கு மேல் ஏறவே இல்லை. அடுத்த சில வாரங்களில் சேலம் போனார், சேந்தமங்கலம் போனார். கார் பூனை மாதிரி முணுமுணுத்துக்கொண்டு ஓடிற்று.

ஐப்பசியில் மறுபடி நாள் பார்த்தார்கள். இந்த முறை புதுச்சத்திரத்தைத் தாண்டிவிட்டோம். நாமக்கல் கோட்டை மலை தூரத்தில் தெரிய ஆரம்பித்ததும் சிவப்பு ஏறிற்று. ஆவி வந்தது. நின்றோம். எனக்கு அழுகை முட்டிற்று. சாலையில் போனவர்கள் கூடிச் சிரித்தார்கள். பெரியப்பாவுக்குக் கோபம் வரப்போகிறது என்று பயந்துகொண்டே பார்த்தேன். அவர் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ராசிபுரம் சந்தையில் அதற்குச் சுடுதண்ணிக் கார் என்று பெயர் விழுந்தது. நான்கூடக் கேட்டேன். முட்டை வேகவைத்துத் தருவீர்களா என்று பெரியப்பாவை நேருக்கு நேரே ஒருவர் கேட்டார். பெரியப்பா சிரித்துவிட்டு நகர்ந்தார். வண்டி என்று சொன்னதற்கே சண்டைக்குப் போன மனுஷன்! எனக்கு அவமானமாக இருந்தது. மற்ற ஊருக்கெல்லாம் ஓடுகிற கார் இவளை ஏற்றினால் மட்டும் நிற்கிறதே, இவள் ராசி அப்படி என்று கிணற்றடியில் பெண்கள் பேசினார்கள். அத்தை காதில் அது விழுந்தது. குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

தை பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டு ஆள் மறுபடி வந்தார். இந்த முறை அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார். இன்னொரு தடவை காரைச் சாக்குச் சொன்னால் வேறு இடத்தில் பெண் எடுப்பார்கள் என்றும், அப்புறம் இந்தப் பெண்ணுக்கு அங்கே வாசல் இல்லை என்றும் சொன்னார். அப்பாருவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நானே கூட வாரனுங்க" என்றார். "காரு நின்னா மாட்டு வண்டி. மாட்டு வண்டியும் நின்னா நடந்து வாரமுங்க. சொன்ன நாளைக்கு என்ற புள்ளை அங்க இருப்பா, போய்ச் சொல்லுங்க."

அப்படியானால் வழியில் நின்றால் திரும்பும் வழக்கம் இனிச் செல்லாது என்பது எனக்குக்கூடப் புரிந்தது. எனக்கு ஒரே கும்மாளம். அம்மா அன்று சாப்பிடவில்லை. அத்தை தன் துணிமணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். என் பாவாடை ஒன்றும் அதில் கலந்துவிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

மூன்றாம் பயணத்தில் பின்னால் அப்பாருவும் அத்தையும் மட்டும். புதுச்சத்திரம் போயிற்று. நாமக்கல் போயிற்று. சிவப்பு பாதியிலேயே நின்றது. பரமத்தியும் வந்து போனது. வெயிலில் காய்ந்த சோளத்தட்டுக் காடுகள் முடிந்து பச்சை தொடங்கிற்று. காற்றில் ஈர மண் வாசனை வந்தது. பின்னால் திரும்பி, "அத்தே, ஆறு வந்துருச்சுங்களா?" என்று கேட்டேன். அத்தை ரவிக்கைக் கையை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். அப்பாரு மடியில் துண்டை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

அப்போது பெரியப்பாவின் கை சக்கரத்தின் நடுவுக்குப் போவதைப் பார்த்தேன். பித்தளைக் கைப்பிடியைக் கீழே இழுத்தது. கார் கொஞ்சம் கனத்தது போல முனகிற்று. நான் மூக்கைப் பார்த்தேன். சிவப்பு மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது.

"பெரீப்பா, அது கீழ இருக்குதுங்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்கச் சொன்னேன். "கீழ இருந்தாக் கொதிக்கும்னு மெக்கானிக்கு சொன்னாருல்லீங்க? மேல தள்ளுங்க பெரீப்பா!"

பெரியப்பா என் பக்கம் திரும்பவில்லை. அவர் கழுத்து வேர்த்து வழிந்தது. கை கைப்பிடியின் மேலேயே இருந்தது. பின்னாலிருந்து அப்பாரு எழுந்து, என் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது. அவர் அந்தக் கைப்பிடியைப் பார்த்தார். அதன் மேல் இருந்த மகனின் கையைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பின்னால் பார்த்தார். அங்கே அத்தையைத் தவிர வேறு யாரும் இல்லை.

எனக்குப் பரிசு கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"அது ஓட்டறவங்க சமாச்சாரம் சாமி" என்றார் அப்பாரு. "நீ செவப்ப மட்டும் பாத்துட்டு வா."

சிவப்பு உச்சிக்குப் போயிற்று. ஆவி கிளம்பிற்று. கார் நின்றதும் அப்பாருதான் முதலில் இறங்கினார். கொடிக்கால் வேலைக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். சிரிப்புக்குக் குறைவில்லை. பெரியப்பா மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்பாருவை அடையாளம் கண்டுகொண்ட ஒருவர், தன் வண்டி வேலூர்தான் போகிறது, அம்மிணியை ஏற்றிவிடலாம் என்று சொன்னார். நல்ல மனுஷன். எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார்; நான் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கியே விட்டேன்.

"வேண்டாமுங்க" என்றார் அப்பாரு. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுகிற குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இத்தன தடவ தடுத்துப்போட்டுது. தெய்வத்துக்கே சம்மதமில்லீங்க. என்ற புள்ளை என்ற ஊட்லயே இருந்துக்கட்டும்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பாவிடம், "ஆறுனதும் திருப்பப்பா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அந்த வீட்டில் வேறு பெண் எடுத்தார்கள். அவள் எப்படி இருந்தாளோ, யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். மஞ்சள் வேகவைக்கும் களம் முழுவதும் அவள் பொறுப்புக்கு வந்தது. அடுத்த கோடையில் கை குட்டையான ரவிக்கை போட ஆரம்பித்தாள். அப்பாரு அதற்குப் பிறகு பஞ்சாயத்துக்குப் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் காது மந்தமாகிவிட்டது என்பார். நான் கிசுகிசுப்பது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது. யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் பெரியப்பா காரை விற்றுவிட்டார். சுடுதண்ணிக் கார்க்காரர் என்ற பெயர் அவரைச் சாகும்வரை விடவில்லை. கார் என்றால் உயிராக இருந்த மனுஷன், அது கெட்ட கார் இல்லை என்று ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. என் மகளைக் கட்டிக் கொடுத்து, முதல் ஆடிக்கு அவள் வந்து இறங்கியபோது, வா என்று சொல்வதற்கு முன்பே அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பெரியப்பா முழுசாக விளங்கினார். அவர் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அந்தத் தை மாதத்து வெயிலில் எனக்கு இதெல்லாம் தெரியாது. திரும்பும் வழியில் சிவப்பு பாதிக்கு மேல் ஏறவே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கிற்று. ஆற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்புகிறோமே என்று வாய்விட்டு அழுதேன். பெரியப்பா காரை நிறுத்தினார். அத்தை என்னைப் பின்னால் இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, என் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, என்னைவிடப் பெரிதாக அழுதாள். அவள் உடம்பு குலுங்கியதில் என் அழுகையே நின்றுவிட்டது. பாவம், தினமும் பார்த்த ஆறாக இருந்தாலும் அத்தைக்கு அதன் மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டு, என் பாவாடையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.